சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். எங்கள் வார்டில் ஜெபம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரவு 8 மணிக்குப் பகல் டூட்டிக்காரர்களிடம் ஓவர், அதாவது வார்டுப் பொறுப்பு, வாங்கி முடித்ததும், ட்ரீட்மென்ட் ரூமில் மருந்து ட்ராலியைச் சுற்றி ஒரு நிமிடம் நிற்போம். நான் ஆரம்பித்தால் அது ஐந்து நிமிடமாகும். வியாதியைக் கடிந்துகொள்வேன், மரணத்தைக் கட்டுவேன், வாசலுக்கு வாசல் தூதர்களை நிறுத்துவேன். எனக்குக் குரலும் கொஞ்சம் கனத்த குரல். "அக்கா ஜெபம் பண்ணினா வார்டே அதிருது" என்று கூட நிற்கும் பிள்ளைகள் சொல்வார்கள். அதைக் கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

தைரியமாக ஜெபிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். வேதாகமத்தில் எபிரெயர் நிருபத்தில் வரும் வசனம் எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டராகவே தொங்கியது: "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்." தேவனுடைய கிருபையின் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் தைரியமாகப் போவோம் என்று அர்த்தம். 1871இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் அது. இன்றைக்கும் ஜெபம் என்று கண்ணை மூடினால் எங்களுக்கு அந்தத் தமிழ்தான் வருகிறது. டாக்டரிடம் "சார், பிபி ஏறுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், ஆண்டவரிடம் "கிருபை கூர்ந்தருளும்". அழகான தமிழ்தான். ஆனால் அதற்குப் பின்னால் மனுஷன் ஒளிந்துகொள்ளவும் நிறைய இடம் இருக்கிறது.

எங்கள் ஆச்சிக்கு அந்தத் தமிழ் வராது. சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஊர். தாத்தா பனையேறி. பதனீர் சீசனில் காலையும் மாலையும் மரம் ஏறுவார். அவர் அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பியதும் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து ஜெபிப்பாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற அதே குரல்தான். "ஆண்டவரே, நேத்து பால்காரிகிட்ட ரெண்டு ரூவா தாரேன்னு சொல்லிட்டுக் கொடுக்கல. அதை முதல்ல எடுத்துக்கிடும். இனி கேக்கேன். நாப்பது மரமும் ஏறி இறங்கணும். ஒண்ணு குறையக் கூடாது." அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சின்ன வயதில் எங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். மரத்தைக்கூட எண்ணிக் கேட்கிறாளே, ஆண்டவர் என்ன கணக்குப்பிள்ளையா என்று கேலி செய்வோம்.

2011 அக்டோபரில் ஒரு இரவு. பெண்கள் மெடிக்கல் வார்டு, 24 படுக்கை, நானும் ஒரு ஜூனியர் பிள்ளையும். 12ஆம் படுக்கையில் சர்க்கரை நோய், காலில் புண்ணோடு அறுபது தாண்டிய ஓர் அம்மா. இரவுச் சாப்பாட்டுக்கு முன் 20 யூனிட் இன்சுலின் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய பாட்டிலை மகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எட்டரைக்கு அதிலிருந்து எடுத்துப் போட்டேன்.

இன்சுலின் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டு மருந்தும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி. அந்த அரை மில்லியை 100 யூனிட் பாட்டிலிலிருந்து எடுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50.

பதினொன்று அடிக்கும்போது வேறொரு மருந்தை வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அந்தப் பாட்டில் கண்ணில் பட்டது. லேபிளில் 100. ட்ராலிக்குக் கீழே குப்பை டப்பாவில் நான் போட்ட மூடி கிடந்தது. சிவப்பு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வுதான். எழுப்பி குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். "என்னம்மா இந்நேரத்துல?" என்றார். "சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தேன், 71.

அந்த 71தான் என்னைக் கெடுத்தது. ட்ரீட்மென்ட் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஃப்ரிட்ஜில் நெற்றியை முட்டி நின்றேன். மணிக்கு ஒருமுறை நானே பார்த்துக்கொண்டால் போதும், குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தே காலைவரை ஓட்டிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்புறம் ஜெபம். நல்ல ஜெபம்தான் அது. கட்டளையிட்டேன், கடிந்துகொண்டேன், இரத்தத்தால் மூடினேன். ஆனால் அவ்வளவும் எதற்காக என்று எனக்கே தெரிந்தது. அந்த அம்மாவுக்காக இல்லை. எனக்கு வரப்போகும் மெமோவுக்காக.

பழக்க தோஷத்தில் "தைரியமாய் உம்மிடத்தில் வருகிறேன்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் வேதபாடத்தில் எங்கள் சபை குருவானவர் இந்தத் 'தைரியம்' என்ற வார்த்தையைத்தான் விளக்கியிருந்தார். கிரேக்கத்தில் அது பரேசியா. சொல்லைப் பிரித்தால் 'எல்லாவற்றையும் சொல்வது' என்று பொருள். பழைய ஏதென்ஸில் குடிமகன் சபையில் எழுந்து மனசில் இருப்பதை மறைக்காமல் பேசுகிற உரிமைக்கு அந்தப் பெயர். அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. அந்தச் சொல்லைத்தான் நிருபம் எழுதியவர் எடுத்து ஆளுகிறார் என்றார். அன்றைக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல. எல்லாவற்றையும் சொல்வதா? நான் ஃப்ரிட்ஜிடம்கூட எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஆச்சியின் குரல்தான் வந்தது. "அதை முதல்ல எடுத்துக்கிடும்."

சாத்தின கதவுக்குள் பத்து நிமிடம் போயிருந்தது. டூட்டி ரூம் கதவைத் தட்டினேன். டூட்டி டாக்டர் அப்போதுதான் படுத்திருக்கிறார் போல. என் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும்.

"என்ன சிஸ்டர்?"

"சார், 12ஆம் பெட் அம்மாவுக்கு இன்சுலின் அதிகமாப் போட்டுட்டேன். 20க்குப் பதிலா 50."

"எப்போ?"

"எட்டரைக்கு."

அவர் முகத்தில் வந்த எரிச்சலை மறக்கவில்லை. ஆனால் செருப்பைக்கூடப் போடாமல் வந்தார். நாங்கள் போய்ப் பார்க்கும்போது 49. குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றிவிட்ட சர்க்கரை மறுபடி இறங்கிவிட்டது. அந்த இன்சுலின் கலவை வகை. ஒரு பங்கு வேகமாக வேலை செய்யும், மறு பங்கு விடியும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். நான் கதவுக்குள் போட்ட கணக்கில் இந்த இரண்டாம் பங்கு இல்லவே இல்லை. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஒரு பாட்டில் ஏற்றி, 10 சதவீத ட்ரிப் மாட்டி, மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார். நான் அரை மணிக்கு ஒருமுறை பார்த்தேன். 164. அப்புறம் 120. இரண்டு மணிக்கு 88. ட்ரிப்பைக் கூட்டினார். நாலு மணிக்கு 81.

நடுவில் ஒருமுறை அந்தப் படுக்கையின் கால்மாட்டில் நின்று ஜெபித்தேன். சத்தமில்லாமல். "என் தப்பு. அதை முதல்ல எடுத்துக்கிடும். ஆறு மணிக்கு நூறு இருக்கணும்." அதற்குமுன் ஒரு எண்ணைச் சொல்லி நான் ஜெபித்ததே இல்லை. ஆசீர்வதியும், பலப்படுத்தும், பொறுப்பெடுத்துக்கொள்ளும் என்றெல்லாம் கேட்டால், கிடைத்ததா இல்லையா என்று யாரும் சரிபார்க்க முடியாது. எண்ணைச் சொன்னால் ஆறு மணிக்குத் தெரிந்துவிடும். பயமாகத்தான் இருந்தது. லூக்கா சுவிசேஷத்தில் பாதி ராத்திரியில் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவனும், கொஞ்சம் ஏதாவது கொடு என்று கேட்கவில்லை. மூன்று அப்பம் என்று எண்ணித்தான் கேட்கிறான். அதுவும் தனக்காக இல்லை, வந்திருக்கிற விருந்தாளிக்காக.

ஆறு மணிக்கு 97.

நூறு கேட்டேனே என்று ஒரு நொடி தோன்றியது. என்ன ஜென்மமோ!

காலையில் மகள் வந்ததும், டாக்டர் பக்கத்தில் நிற்க, நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ராத்திரி ஆனா சத்தமா ஜெபம் பண்றீங்களே, வெளிய வராண்டா வரைக்கும் கேக்குது. பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டீங்களா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அந்தக் கேள்வி சரியான கேள்வி.

இன்சிடென்ட் ரிப்போர்ட்டில், கதவைச் சாத்திக்கொண்டு நின்ற பத்து நிமிடத்தையும் எழுதினேன். "அதை ஏன் எழுதின? யாருக்குத் தெரியும்?" என்று சீனியர் அக்கா ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். மெமோ அதற்காகத்தான் கடுமையாக வந்தது, தப்பு மருந்துக்காக அல்ல. அந்த வருஷம் இன்கிரிமென்ட் கிடைக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜில் தனித் தட்டு வந்தது, ஆரஞ்சு மூடி சிரிஞ்சுக்குத் தனி டப்பா வந்தது, போடுவதற்குமுன் இன்னொருவர் பாட்டிலைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆனது.

அந்த அம்மா அப்புறம் என்னை ஊசி போட விடவில்லை. "நீ வேண்டாம்மா, அந்தப் பிள்ளைய வரச் சொல்லு" என்பார். கோபமாக இல்லை, சாதாரணமாக. டிஸ்சார்ஜ் ஆன அன்று வீட்டுக்குக் கொடுத்த சிரிஞ்சு பாக்கெட்டை என் கண் முன்னாலேயே பிரித்து ஒவ்வொன்றாக மூடியைப் பார்த்தார். எல்லாம் ஆரஞ்சு. தலையாட்டிவிட்டுப் போனார்.

இதை சபையில் சாட்சியாகச் சொல்லச் சொல்லி ஒருமுறை கேட்டார்கள். தேவன் காப்பாற்றினார் என்று முடித்தால் கைதட்டுவார்கள். அப்படி முடிக்க எனக்கு மனசில்லை. ஏனென்றால் அடுத்த வருஷமே டெங்குவோடு ஒரு கல்லூரிப் பிள்ளை வந்தாள். அவளுக்காகவும் எண்ணைச் சொல்லித்தான் கேட்டேன். பிபி 90, மூத்திரம் மணிக்கு 30 மில்லி. மூன்று ராத்திரி கேட்டேன். நான் செய்த தப்பு எதுவும் இல்லை, யார் செய்த தப்பும் இல்லை. நாலாம் நாள் விடியற்காலை இறந்துபோனாள். கண்ணை மூடிவிட்டதும் நான்தான். விசுவாசம் போதாமல் போயிற்று என்று ஒரு ஜெபக்குழு அக்கா சொன்னார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. செத்த பிள்ளையின் கையிலிருந்து வென்ஃப்ளான் ஊசிக்குழாயை உருவிப் பஞ்சு வைத்து அழுத்தியவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

நர்சிங் படிக்கும்போது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் கதையை எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி அவரை அழைத்தது. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனது. மூன்று பெண்களும் இறந்தது. அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு கிளினிக் தொடங்கியது. இதை அழைப்பின் கதையாகத்தான் சொல்வார்கள். அந்த ராத்திரியில் எந்த அற்புதமும் நடக்கவில்லை என்பதை யாரும் நின்று கவனிப்பதில்லை. தானியேல் புத்தகத்தில், ராஜா வைத்த சிலையை வணங்க மறுத்து அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொல்கிறார்கள். எனக்கு இப்போதெல்லாம் முதல் பாதியைவிட இந்த ஒற்றை வார்த்தைதான் தைரியமாகத் தெரிகிறது.

அந்தப் பிள்ளை போன பிறகு இரண்டு வாரம் நான் ஜெபிக்கவில்லை. கேட்டால் தராதவரிடம் என்ன கேட்பது? பிறகு ஒருநாள் அதையும் அவரிடமே சொன்னேன். திட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்வது என்றால் இதுவும் சேர்ந்ததுதானே.

இப்போது ட்ராலியைச் சுற்றி நின்று ஜெபிப்பதில்லை. வார்டில் எல்லா மதத்துக்காரர்களும் படுத்திருக்கிறார்கள், குழாயோடு கிடப்பவர் எழுந்து போகவும் முடியாது. அவர் தலைமாட்டில் நின்று நான் சத்தம் போடுவதற்குப் பெயர் தைரியம் இல்லை. யாராவது கேட்டால் மட்டும் ஜெபிப்பேன். போன மாதம் ஒரு முஸ்லிம் பாட்டி, "நீ உன் முறைல கேளு, நான் என் முறைல கேக்கேன்" என்றார். சரி பாட்டி என்று கையைப் பிடித்துக்கொண்டு இயேசுவின் நாமத்தில்தான் கேட்டேன். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

மற்ற நாளெல்லாம் ஓவர் வாங்கியதும் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டில்களின் லேபிளைப் பார்ப்பேன், கதவு திறந்திருக்கும்போதே கேட்டுவிடுவேன். நேற்று கேட்டது இது. மத்தியானம் 6ஆம் பெட்காரரின் மகனிடம் எரிந்து விழுந்தேன், அதை முதல்ல எடுத்துக்கிடும். 4ஆம் பெட்டுக்கு நாலு மணி நேரமாவது தூக்கம். 9ஆம் பெட்டுக்கு விடியறதுக்குள் 500 மில்லி மூத்திரம். 15க்குக் காய்ச்சல் நூறைத் தாண்டக் கூடாது. ராத்திரி கதவைத் தட்டினால் டூட்டி டாக்டர் உடனே எழுந்திரிக்கணும்.