சி-2 இலிருந்து சி-12 வரை: ஸ்காபரோ நாட்குறிப்பு

2025 மே 10, சனி

பிராம்ப்டன் சிங்குவாகூசி பூங்காவில் இன்று தமிழின அழிப்பு நினைவகத்தைத் திறந்தார்கள். இலங்கை அரசு ஆட்சேபித்தும் நகரசபை பின்வாங்கவில்லை. போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

2009இலும் இதே மே 10தான். ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். முதல் நாள் இரவு முள்ளிவாய்க்காலில் விழுந்த ஷெல்லில் நூற்றுக்கணக்கில் சனம் செத்ததென்று செய்தி வந்தது. பின்னேரம் ஸ்பதைனா பக்கத்து ஏற்றத்தால் ஏறி, ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் போய் இருந்துவிட்டோம். ஆயிரக்கணக்கான பேர். தள்ளுவண்டியில் பிள்ளைகளோடு வந்த தாய்மாரும் இருந்தார்கள். ஜனவரியில் நகர மத்தியில் மனிதச் சங்கிலி பிடித்திருந்தோம், ஏப்ரலில் ஒட்டாவாவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம், யூனிவர்சிற்றி அவெனியூவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் நாட்கணக்கில் இருந்தோம். ஒன்றும் அசையவில்லை. நாடாளுமன்றத்தில் விடயத்தை எழுப்புவதாக லிபரல் கட்சியிடமிருந்து உறுதி வந்தபிறகு, நள்ளிரவு வாக்கில்தான் இறங்கினோம்.

நெடுஞ்சாலையை மறிப்பது சட்டப்படி குற்றம். தெரிந்துதான் ஏறினோம். எனக்கு இன்றுவரை அதில் வருத்தமில்லை. ஆனால் அதனால் எனக்கொரு கடமை வந்து சேர்ந்திருக்கிறது. மற்றவர்கள் தெருவுக்கு வரும்போது, அன்றைக்கு எங்களுக்குக் காட்டிய பொறுமையை நானும் காட்ட வேண்டும். 2022இல் தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்துக் கனரக வாகனங்களோடு வந்து ஒட்டாவாவை மூன்று கிழமை முடக்கியவர்கள் விடயத்தில் அது எனக்கு லேசாக இருக்கவில்லை. தடுப்பூசி பற்றி அவர்கள் சொன்ன ஒன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. இரவிரவாக ஹோர்ன் அடித்துக் குடியிருப்பாளரை உறங்கவிடாதது அநியாயம். ஆனால் பெப்ரவரி 14 சமஷ்டி அரசு அவசரகாலச் சட்டத்தைக் கையில் எடுத்து, நீதிமன்றக் கட்டளை இல்லாமலே வங்கிக் கணக்குகளை முடக்கினார்களே, இந்த அதிகாரம் 2009இல் எங்கள்மேல் திரும்பியிருந்தால்? யாருக்கெல்லாம் காசு அனுப்பினோம், எந்த அமைப்புக்கு உண்டியல் போட்டோம் என்று தேடி எத்தனை வீட்டுக் கணக்கை முடக்கியிருப்பார்கள்? 2023இல், அதை விசாரித்த ரூலோ ஆணைக்குழு அரசு செய்தது சரி என்றது. 2024 ஜனவரியில் சமஷ்டி நீதிமன்ற நீதியரசர் மோஸ்லி அது நியாயமற்றது, உரிமைகள் சாசனத்தையும் மீறியது என்று தீர்ப்பளித்தார். நான் மோஸ்லி பக்கம்.

மே 14, புதன்

நேற்று பிரதமர் மார்க் கார்னியின் அமைச்சரவை பதவியேற்றது. ஹரி ஆனந்தசங்கரி பொதுப் பாதுகாப்பு அமைச்சர். எல்லைக் காவல், சமஷ்டிப் பொலிஸான ஆர்.சி.எம்.பி., உளவுத்துறை எல்லாம் அவருக்குக் கீழே வருகின்றன. 1983இல் சிறுவனாக அகதியாக வந்தவர். அகதி வழக்குகளைப் பார்க்கும் எங்கள் அலுவலகத்தில் இனிப்புப் பெட்டி திறந்தார்கள். நானும் எடுத்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 4, புதன்

நேற்று அமைச்சர் சி-2 மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தார். ‘பலமான எல்லைகள் சட்டம்’ என்று பெயர். எல்லையைப் பற்றியது மட்டும் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கினேன். தபாலில் போகும் கடிதத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை விரிக்கிறார்கள். இணையச் சேவை நிறுவனங்களிடம் வாடிக்கையாளர் பற்றிய சில விபரங்களை நீதிமன்ற ஆணை இல்லாமல் கேட்கலாம். 10,000 டொலரும் அதற்கு மேலும் காசாகக் கைமாறக் கூடாது. பொதுநலன் என்று சொல்லி, குடிவரவு ஆவணங்களைத் தொகையாக இரத்துச் செய்யலாம்.

இவற்றுக்கு நடுவில்தான் எங்கள் மேசைக்கு வரப்போகும் பகுதி இருக்கிறது. 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் முதன்முதல் வந்து, வந்த நாளிலிருந்து ஒரு வருடம் கழித்து அகதி விண்ணப்பம் போட்டவரின் வழக்கு, குடிவரவு அகதிகள் சபைக்குப் போகாது. இடையில் நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தாலும் கணக்கு முதல் வரவிலிருந்துதான். மசோதா எப்போது நிறைவேறினாலும், நேற்றிலிருந்து போடும் விண்ணப்பங்களுக்கெல்லாம் இது பொருந்தும்.

அப்படியானவர்களை உடனே விமானத்தில் ஏற்றிவிட மாட்டார்கள் என்பது உண்மை. நாடுகடத்துமுன் ஆபத்தை மதிப்பிடும் ஒரு நடைமுறை உண்டு. அதைச் செய்பவர் குடிவரவு அதிகாரி. பெரும்பாலும் கடதாசியைப் பார்த்தே முடிவெடுப்பார். விண்ணப்பித்தவர் முன்னுக்கு இருந்து வாய் திறந்து சொல்ல வாய்ப்புக் கிடைப்பது அரிது.

பல வருடமாக விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். தாளில் பொய்போலக் கிடக்கும் ஒரு வசனம் ஆள் நேரே சொல்லும்போது உண்மையாவதைக் கண்டிருக்கிறேன். தடுப்பு முகாமில் நடந்ததைத் திகதி மாறிச் சொன்ன ஒரு பெண்ணிடம், சபை உறுப்பினர் ஆறுதலாகத் திரும்பக் கேட்டார். மழை பெய்த நாளா, பெய்யாத நாளா என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பிழை தீர்ந்தது. கடதாசியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்று ஒரு தம்பி வந்தார். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றி எழுதுகிறேன். 2022இல் ஒன்ராறியோக் கல்லூரி ஒன்றுக்குப் படிக்க வந்தவர். அப்போது ஊரில் அவருக்கென்று தனிப் பிரச்சினை இல்லை. காணாமலாக்கப்பட்டோர் போராட்டத்தில் தாய் நிற்பவர், அவ்வளவுதான். போன மே 18 முள்ளிவாய்க்கால் நினைவேந்தலில் இவர் மேடையேறிப் பேசியிருக்கிறார். படம் முகநூலில் போய்விட்டது. கிழமைக்குள் ஊர் வீட்டுக்குச் சி.ஐ.டி. வந்து, மகன் எப்ப வாறான் என்று தாயிடம் விசாரித்திருக்கிறது.

“அக்கா, நான் இஞ்ச கதைச்சதாலதானே இந்தப் பிரச்சினை. வந்த உடன கேஸ் போட எனக்கு என்ன காரணம் இருந்தது?”

சட்டத்தரணி விண்ணப்பத்தைப் போட்டார். மசோதா நிறைவேறினால் இவருக்கு விசாரணை இல்லை. பயம் பிறந்த நாளை இந்தச் சட்டம் பார்ப்பதில்லை, விமானம் இறங்கிய நாளைத்தான் பார்க்கிறது. கனடா தருகிற பேச்சுரிமையை நம்பி ஒருவர் பேசுகிறார். அந்தப் பேச்சால் ஊரில் ஆபத்து வருகிறது. அதைச் சொல்லப் போனால், நேரம் முடிந்துவிட்டது என்கிறது அதே கனடா. இதை எப்படி நியாயம் என்று சொல்வார்கள்?

1985 ஏப்ரல் 4 உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. கனடா மண்ணில் நிற்கும் எவருக்கும் சாசனத்தின் 7ஆம் பிரிவு பாதுகாப்பு உண்டு, நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும் அகதிக்கு வாய்மொழி விசாரணை கொடுக்கத்தான் வேண்டும் என்றது. நாங்கள் வந்து இறங்கியது அந்தத் தீர்ப்பு திறந்த கதவால். தீர்ப்புக்கு இந்த வருடம் நாற்பது வயது.

ஜூன் 22, ஞாயிறு

கோயில் அன்னதானத்தில் ஒருவர் என்னிடம், “இந்த விசிற் விசா ஆக்களால எங்கட பேரும் கெட்டுப்போச்சு தங்கச்சி, ஹரி செய்யிறது சரி” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பேஸ்மென்ற் வாடகை ஏறிவிட்டது, தொழிற்சாலையில் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், உணவு வங்கியில் வரிசை நீளம்.

வாடகை ஏறியது உண்மை. ஆனால் அதை ஏற்றியது நேற்று வந்த பிள்ளைகளா? 2019இல் ஒன்ராறியோ அரசு கல்விக் கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்து, அதற்குமேல் ஏறாமலும் தடுத்தது. அந்த நட்டத்தை ஈடுசெய்யும் அளவுக்குக் கல்லூரிகளுக்குக் காசு கொடுக்கவில்லை. கல்லூரிகள் மூன்று நான்கு மடங்கு கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவர்களைத் தேடிப்போயின. ஒட்டாவா விசாவைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 2023 முடிவில் மாணவர் அனுமதிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் பத்து இலட்சத்தைத் தாண்டினார்கள். அவர்கள் இருக்க வீடு கட்டும் பொறுப்பை யாரும் எடுக்கவில்லை. காசை வாங்கியவர்கள் ஒதுங்கிவிட, பழி மாணவர் தலையில்.

1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். உண்மையில் ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்தவர்கள். பொய்யர், வரிசை தாண்டியவர் என்று நாடு கொதித்தது. பிரதமர் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோது காலம் மாறியிருந்தது. மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். உள்ளே ஆள்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருக்கிறார்கள் என்று அமைச்சர்களே பேசினார்கள். அன்னதானப் பந்தியில் இருந்த எங்களில் எத்தனை பேர் முகவருக்குக் காசு கட்டி, மற்றவர் கடவுச்சீட்டில் தலை மாற்றி வந்தவர்கள்! அந்த ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

பள்ளிக்கூடம், குழந்தைகள் பராமரிப்பு நிலையம், வழிபாட்டிடம் ஆகியவை கேட்டால், அவற்றைச் சுற்றி 50 மீற்றருக்குள் ஆட்சேப ஆர்ப்பாட்டத்துக்குத் தடை விதிக்கும் ரொறன்ரோ நகரசபையின் விதி இன்று நடைமுறைக்கு வருகிறது. தொழுகைக்குப் போகிறவரையும் பிள்ளையை விடப் போகிறவரையும் மிரட்டக் கூடாது, சரிதான். மிரட்டலுக்கு ஏற்கெனவே குற்றவியல் சட்டம் இருக்கிறது. இன்று 50 மீற்றருக்குப் பழகினால் நாளை எந்தக் கட்டடம் சேரும் என்று யாருக்கும் தெரியாது.

செப்ரம்பர் 14, ஞாயிறு

நேற்று கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காவில் குடிவரவை எதிர்ப்பவர்கள் கூட்டம் வைத்தார்கள். அவர்களை எதிர்த்து வந்தவர்களோடு நானும் நின்றேன். பொலிஸ் நடுவில்.

அந்தப் பூங்காவைத் தெரிந்தெடுத்தது எனக்கு நெஞ்சில் குத்தியது. 1933 ஓகஸ்ட் 16, அங்கே ஒரு பேஸ்போல் ஆட்டம் முடிய, சுவஸ்திகா போட்ட துணியை யூத இளைஞர் முன் விரித்தார்கள். மணிக்கணக்கில் கலவரம் நடந்தது. யூதப் பிள்ளைகளுக்குத் துணையாக வந்து நின்றவர்கள் இத்தாலியப் பிள்ளைகள், அவர்களும் வந்தேறு குடிகள்.

கூட்டத்தைத் தடைசெய்திருக்க வேண்டும் என்று என் பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். நான் ஒப்பவில்லை. அவர்கள் பேசட்டும், நாங்கள் வந்து எதிரே நிற்போம். அவர்கள் கோஷம் என் பிள்ளைகளைப் பற்றியது என்று தெரிந்தே சொல்கிறேன். ஒரு கூட்டத்தைத் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தால், அதை முதலில் யார்மேல் பாவிப்பார்கள் என்பதை நெடுஞ்சாலையில் இருந்த எங்களுக்கு ஒருவர் சொல்லித்தரத் தேவையில்லை.

அதோடு, பேச்சு தெருவில் மட்டும் இல்லை. தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்று இந்த மாதத் தொடக்கத்தில் கொன்சர்வேற்றிவ் தலைவர் பொய்லியேவ் கேட்டார். அந்தத் திட்டம் தொழிலாளியை ஒரே முதலாளியிடம் கட்டிப்போடுகிறது என்பது என் நீண்டகாலக் குறை. கட்டை அவிழ்ப்பதற்குப் பதிலாக ஆளையே அனுப்பிவிடலாம் என்பது எனக்கு ஏற்பில்லை.

செப்ரம்பர் 21, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நீதி அமைச்சர் ஷோன் ஃபிரேசர் சி-9 மசோதாவை வைத்தார், வெறுப்புக்கு எதிரானது. வழிபாட்டிடம், பள்ளிக்கூடம் போன்ற இடங்களுக்குப் போவோரை மறிப்பதும் மிரட்டுவதும் குற்றமாகும். நாஜிச் சின்னங்களையும், பயங்கரவாதப் பட்டியலில் உள்ள அமைப்புகளின் சின்னங்களையும் காட்டி, வேண்டுமென்றே ஒரு இனத்தவர்மேல் வெறுப்பை வளர்ப்பதும் குற்றமாகும். வெறுப்புப் பிரசார வழக்குக்கு இதுவரை தேவைப்பட்ட சட்டமா அதிபரின் சம்மதம் இனித் தேவையில்லை.

2006இலிருந்து விடுதலைப் புலிகள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மாவீரர் நாளான நவம்பர் 27இல் இங்கே மண்டபங்களில் புலிக்கொடி ஏறுகிறது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தக் கொடிக்குக் கீழே விளக்கேற்றுகிறாள். அதில் யார்மேலும் வெறுப்பில்லை. மசோதாவின் வாசகப்படி அவள் குற்றவாளி ஆகமாட்டாள். ஆனால் வழக்குத் தொடுக்குமுன் மேலே ஒருவர் யோசிக்கும் படியை எடுத்துவிட்டால், தெருவில் நிற்கும் பொலிஸ்காரருக்கு எது நினைவேந்தல், எது வெறுப்பு என்று பிரித்தறியும் வேலை வருகிறது. வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் சட்டம் வேண்டாம் என்பவள் அல்ல நான். யூத வெறுப்பைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்த அல்பேர்ட்டா ஆசிரியர் கீக்ஸ்ராவின் வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது சரியே. ஆனால் அந்தத் தீர்ப்பே நாலுக்கு மூன்று. அவ்வளவு மெல்லிய கோட்டில், இருந்த காவல் ஒன்றை எடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒக்ரோபர் 9, வியாழன்

சி-2 நகராமல் நின்றதால் நேற்று சி-12 என்று புதிய மசோதா வைத்தார்கள். கடிதம் திறப்பது, ஆணையின்றி இணைய விபரம் கேட்பது, காசுக் கட்டுப்பாடு எல்லாம் இதில் இல்லை. ஒரு வருட எல்லை இருக்கிறது. ஆவணங்களைத் தொகையாக இரத்துச் செய்யும் அதிகாரம் இருக்கிறது.

இரவு முழுக்க மனம் ஆறவில்லை. சி-2ஐத் திரும்பப் பெறும்படி நூற்றுக்கணக்கான அமைப்புகள் ஒன்றாகக் கேட்டிருந்தன. தனியுரிமைக்காரர், அகதிகளுக்கு உழைப்பவர், தொழிற்சங்கத்தினர் எல்லாரும் ஒரே கடதாசியில் ஒப்பமிட்டார்கள். வாக்குள்ளவரின் கடிதத்தையும் பணப்பையையும் தொட்ட பகுதிகள் பின்னுக்குப் போயின. வாக்கில்லாதவரைத் தொட்ட பகுதி முன்னுக்கு வந்தது. தனியுரிமை பற்றிப் பத்திரிகைகளில் கோபமாக எழுதியவர்கள் இனியும் எழுதுவார்களா என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

நேற்றைய வரவுசெலவுத் திட்டத்தோடு குடிவரவு எண்ணிக்கையும் வந்தது. நிரந்தர வதிவாளர் அடுத்த மூன்று வருடமும் ஆண்டுக்கு 380,000. புதிய தற்காலிக வதிவாளர் இந்த வருட இலக்கான 673,650 இலிருந்து 2026இல் 385,000. எத்தனை பேரை அழைப்பது என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை, அதில் எனக்குப் பிணக்கில்லை. அகதி அழைத்து வருபவர் அல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

சி-12 கீழ்ச்சபையில் நிறைவேறிவிட்டது. புதிய ஜனநாயகக் கட்சி எதிர்த்தது, ஆனால் லிபரலும் கொன்சர்வேற்றிவும் சேர்ந்தால் எதிர்ப்பு எங்கே எடுபடும்? குடிவரவு விடயத்தில் இந்த இரண்டு கட்சிகளும் ஆளை ஆள் குற்றம் சொல்லாத நாள் இல்லை. இதில் மட்டும் ஒன்றாகக் கை தூக்கினார்கள்.

தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “அப்ப நான் ஒருத்தருக்கு முன்னாலயும் கதைக்க ஏலாதோ?” என்று கேட்டார். இனி எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றேன். தாயின் சத்தியக் கடதாசி, ஊர்க் கிராம சேவகரின் கடிதம், அந்த மேடைப் பேச்சின் காணொளி, அதன் மொழிபெயர்ப்பு. பேச்சை நானே மொழிபெயர்க்கிறேன்.

மசோதா இன்னும் செனட் சபையைத் தாண்ட வேண்டும். அங்கே மாற்றம் கேட்கலாம்: ஆபத்து பிந்தி வந்தவருக்கு விலக்கு, கடதாசி மட்டும் பார்க்காமல் கட்டாய வாய்மொழி விசாரணை. அமைச்சரின் தொகுதி அலுவலகத்துக்கும் எழுதுகிறேன், தமிழிலேயே. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் கட்டடத்தின் பொது அறையில் கூடிச் செனட்டர்களுக்குக் கடிதம் எழுதுகிறோம். ஆங்கிலம் எழுதத் தயங்குகிறவர்கள் வந்து சொன்னால் போதும், நான் எழுதித் தருவேன். கார் இல்லாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கோ, ஏற்றி வர ஆள் இருக்கு.