உமி தின்ற செங்கல்

எங்கள் செங்கல் காளவாய் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மண் நல்ல களி. நிழலில் காயப் போட்டாலும், இன்னும் சுடாத பச்சைக்கல் வெடித்துவிடும். "மண்ணுக்குத் திமிர்" என்பார் அப்பா.

போன தை மாதம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ரைஸ் மில்லில் சும்மா கிடந்த உமியை ஒரு டிராக்டர் ஏற்றி வந்து, மூன்று கூடை மண்ணுக்கு ஒரு கூடை என்று சேற்றில் கலந்துவிட்டேன். உமி சூளைக்குள் தானாக எரியும், கல் உள்ளிருந்தே வேகும், வேலிக்கருவை விறகு மிச்சம் என்பது என் கணக்கு. கல் அறுக்கும் அக்கா அன்றைக்கே சொன்னார்: "கையெல்லாம் குத்துது தம்பி, கல்லுக்கு முனையே நிக்கல." எனக்குக் காது கேட்கவில்லை.

சூளையைப் பிரித்தால் கல் தக்கையாக இருந்தது. இரண்டு கல்லைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும்; இது டொக் என்றது. உடைத்துப் பார்த்தேன், நடுவில் கரிக்கறுப்பு. தீயை வேகமாக ஏற்றியதில் மேல்புறம் முதலில் இறுகி, உள்ளே காற்று போகாமல் உமி பாதியில் அணைந்திருக்கிறது. எரிந்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டேன். 2.6 கிலோ கல் 3.2 கிலோ ஆகியிருந்தது, அதாவது 23 சதவீதம் தண்ணீர். சாதாரணச் செங்கலுக்கு ஐ.எஸ். 1077 என்ற இந்தியத் தரவிதி சொல்லும் வரம்பு 20.

அப்பா திட்டவில்லை. "சோத்துல உப்பு போடச் சொன்னா, உப்புல சோத்தப் போடுவியா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சூளைக்கு உமி வேண்டாம் என்று, அதே மில்லின் பாய்லர் சாம்பலை எடுத்தேன். முழுதாக எரியாத கருஞ்சாம்பல். அதில் மிஞ்சிய கரி கல்லுக்குள் எரியும். மற்றது பெரும்பாலும் சிலிக்கா, களியின் சுருக்கத்தைக் குறைக்கும். சலித்து, பத்துக் கூடை மண்ணுக்கு ஒரு கூடை. தீயையும் இந்த முறை மெதுவாக ஏற்றினோம். காயும்போது வெடித்த கல் மிகக் குறைவு. தட்டினால் கணீர். தண்ணீர் 16 சதவீதத்தைத் தாண்டவில்லை.

கடையில் விற்கும் சாம்பல் நிறக் கல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சிமென்ட்டிலோ சுண்ணாம்பிலோ இறுகுவது, சூளைக்கே போகாது. சுட்ட கல்லில் சாம்பல் சேர்ப்பது வேறு சங்கதி. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் எடையில் 25 சதவீதமாவது அந்த நிலையத்துச் சாம்பல் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு 1999லேயே அறிவித்தது. 2003ல் அந்தத் தூரம் 100 ஆனது. நெய்வேலி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா?" என்றார்.

டொக் கல்லையெல்லாம் கோழிக்கூண்டுக்கு வைத்துவிட்டோம். வெயிலுக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. மழைக்கு மேலே தகரம்.

நேற்று அடுத்த லோடு சாம்பலுக்குப் போனேன். இதுவரை "எடுத்துட்டுப் போனா போதும்பா" என்றிருந்த மில்காரர், டிராக்டருக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்.