மரீசிக்குப் பக்கத்தில் இரண்டு திட்டுகள்

நேற்றிரவு என் 8 அங்குலத் தொலைநோக்கியில் எம்51 என்ற விண்மீன் திரள் ஜோடியை மறுபடி பார்த்தேன். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கும் மரீசி விண்மீனிலிருந்து மூன்றரை பாகை தள்ளினால் போதும், ஒட்டினாற்போல் இரண்டு மங்கல் திட்டுகள். பெரியது சுருள் விண்மீன் திரள். சின்னது அதன் துணை, என்ஜிசி 5195. ஓரக்கண்ணால் பார்த்தால் பெரியதைச் சுற்றி ஒளிப்படலம் விரிகிறது. திரளின் நடுவிலிருந்து சுருண்டு விரியும் சுருள்கரம்? தெரிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன். 1845-இல் ராஸ் பிரபு அந்தச் சுருளை முதலில் கண்டு வரைந்ததே 72 அங்குல ஆடியை வைத்துத்தான்.

என் மனம் எப்போதும் அந்தச் சின்னதிடமே போகிறது. அருகே கடந்து போனபோது அதன் ஈர்ப்பு பெரியதன் கரத்தைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறது. 1972-இல் வானியல் ஆய்வாளர்களான டூம்ரே சகோதரர்கள் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட இதே வடிவம் வந்தது. விசித்திரத் திரள்களைத் தொகுத்த ஆர்ப்பின் 1966 பட்டியலில் இந்த ஜோடிக்கு எண் 85.

அப்புறம் ஒன்று. அந்தக் கரம் துணையைத் தொடுவதுபோலத் தெரிந்தாலும், துணை சற்றுப் பின்னால் இருக்கிறது. ஹப்பிள் படத்தில் கரத்தின் தூசிப் பட்டைகள் துணையின் முகத்துக்கு முன்னே கருப்பாக ஓடுவதைப் பாருங்கள்.