பதினான்கு முறை எதிரே நிற்பவன்

டொராண்டோவில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், 1950களில் ஐஸ் ஹாக்கி ஆடிய பெரியவர்கள் சிலர் சிகிச்சைக்கு வருவார்கள். பெரிய லீக்கை எட்டாதவர்கள்தான். ஆனாலும் கோணிப்போன மூக்கு, நிமிராத விரல், முழுதாக மடங்காத முழங்கால் எல்லாம் இருக்கும். எப்படி அடிபட்டது என்று கேட்டால், யார் அடித்தது, எந்த ஊர் ஆட்டத்தில் திருப்பிக் கொடுத்தோம் என்ற கதைதான் வரும். மருத்துவக் குறிப்பில் அதை எங்கே எழுதுவது!

வெறும் முரட்டுத்தனம் என்று அதை ஒதுக்க எனக்கு மனம் வராது. 1942 முதல் 1967 வரை அந்தப் பெரிய லீக்கான என்எச்எல்லில் (தேசிய ஹாக்கி லீக்) ஆறே அணிகள். 1950களில் ஒரே சீசனில் ஒரு அணி மற்ற ஒவ்வொன்றோடும் 14 முறை மோதும். இன்று முகத்தைக் கிழித்தவன் சீக்கிரமே மறுபடி எதிரே நிற்பான். பகை ஆறவே ஆறாது. வலிக்கிறது என்று உட்கார்ந்தாலோ, அந்த இடத்துக்குக் கீழ் லீக்குகளில் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். அடியைத் திருப்பிக் கொடுப்பதும் காயத்தை மறைப்பதும் வேலையின் பகுதியாகவே ஆகிவிட்டன.

1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். மான்ட்ரியல் அணியின் கோலி (கோல்காப்பாளர்) ஜாக் பிளான்ட், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி வீரர் ஆண்டி பாத்கேட்டைத் தடுப்புப் பலகையில் மோதவிட்டார். பாத்கேட் திரும்பி வந்து, பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) அவர் முகத்துக்கே அடித்தார். வேண்டுமென்றே அடித்ததுதான் என்று பின்னாளில் அவரே சொன்னார். மாற்று கோலி கிடையாது. தையல் போட்டுக்கொண்ட பிளான்ட், பயிற்சியில் அணிந்து பழகிய முகமூடி இல்லாமல் இறங்கமாட்டேன் என்றார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அது பிடிக்காது, ஆனால் வேறு வழி? மான்ட்ரியல் 3-1 என்று வென்றது.

என் பெரியவர்கள் விரும்பிச் சொல்வது 1964 இறுதிச்சுற்றுக் கதை. டொராண்டோவின் பாபி பான், அடிபட்ட காலை ஊசியால் மரத்துப்போக வைத்துக்கொண்டு வந்து, கூடுதல் நேரத்தில் கோல் அடித்தார். எலும்பு முறிந்திருந்தது. அடுத்த ஆட்டத்தையும் ஆடினார். அவர்களுக்கு அதில் பெருமை. எனக்கோ அந்த ஊசியைப் போட்டவர் மேல்தான் கோபம்.

வலி பத்துக்கு எவ்வளவு என்றால் இவர்கள் எல்லாரும் "இரண்டு" என்பார்கள், நெற்றி வியர்த்துக்கொண்டே. அப்புறம் நான் எண் கேட்பதையே விட்டுவிட்டேன். காலை மடக்கும்போது கை கட்டில் விளிம்பை எவ்வளவு இறுக்குகிறது என்று பார்த்துப் பயிற்சியைக் கூட்டுவேன், குறைப்பேன்.