ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே: ஒரு மருத்துவமனையில் ஃபயர் டேம்பர் சோதனை

ஏசி காற்றைக் கொண்டுபோகும் தகட்டுக் குழாயான டக்ட், தீக்காப்புச் சுவரையோ தளத்தையோ ஊடுருவிப் போகும் இடத்தில் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புதான் ஃபயர் டேம்பர். மற்ற நாட்களில் அது திறந்திருக்கும், காற்று போய் வரும். தீயோ புகையோ வந்தால் மூடிக்கொள்ள வேண்டும். சென்னையில் நான் பராமரிப்புப் பொறியாளராக இருக்கும் தனியார் மருத்துவமனையில் சென்ற ஆண்டு எட்ட முடிந்த எல்லா டேம்பர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சோதித்தோம். இதே பொறுப்பு கைக்கு வரப்போகிறவர்களுக்காக, நடந்ததை எழுதுகிறேன்.

இதில் எனக்கு இருக்கும் பிடிவாதத்துக்குக் காரணம் கொல்கத்தா. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் டாகுரியாவில் இருந்த ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள். மேல்மாடிகளில் படுத்திருந்தவர்களைக் கொன்றது தீயல்ல, புகை. அந்தப் புகை ஏறி வந்த வழிகளில் ஏசி டக்டுகளும் உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவரை எழுந்து ஓடச் சொல்ல முடியாது. மருத்துவமனையில் புகையை அது கிளம்பிய பகுதியிலேயே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் வேலை பட்டியல். எங்களிடம் இருந்த வரைபடத்தில் டேம்பர்கள் அழகாகக் குறிக்கப்பட்டிருந்தன. கட்டி முடித்த பிறகு வார்டுகள் பலமுறை மாற்றப்பட்டிருந்ததால் அதை நம்பிச் சோதனையைத் தொடங்க மனம் வரவில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதி, டேம்பர் எங்கே வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது: தீப்பிரிப்புச் சுவர், டக்ட் செங்குத்து ஷாஃப்டுக்குள் நுழையும் இடம், தளத்தை ஊடுருவும் இடம், ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு பகுதிக்குள் சப்ளை, ரிட்டர்ன் டக்டுகள் நுழையும் வாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாகச் சுவரைப் பின்தொடர்ந்தோம். டக்டைப் பின்தொடர்ந்து போனால் டேம்பர் இருக்கும் இடம்தான் தெரியும். சுவரைப் பின்தொடர்ந்து போனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததும் தெரியும்.

அப்படித்தான் சில இடங்களில் வெறும் டக்ட் சுவரைத் தாண்டிப் போவதைக் கண்டோம். வேறு சில இடங்களில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் டேம்பரே ஃபயர் டேம்பர் என்று பட்டியலில் ஏறியிருந்தது. வெளியே கைப்பிடியும் அதைப் பூட்டும் திருகும் இருந்தால் அது வால்யூம் டேம்பர். ஃபயர் டேம்பரில் உருகு இணைப்போ (சூட்டில் உருகி டேம்பரை விடுவிக்கும் உலோகத் துண்டு) ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டரோ (டேம்பரைத் திருப்பும் மோட்டார்) இருக்கும், எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்று சொல்லும் தகடும் இருக்கும்.

அடுத்தது அதை எட்டுவது. சோதிக்கவும் மாற்றவும் வசதியாக டேம்பர் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தொகுப்பே சொல்கிறது. எங்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேபிள் டிரேயும் குளிர்நீர்க் குழாயும் பின்னிக் கிடந்தன. பல இடங்களில் டக்டில் ஆக்சஸ் டோரே இல்லை. டேம்பருக்கு அருகிலேயே, கை உள்ளே போய் உருகு இணைப்பைக் கழற்றும் அளவுக்கு வாய் வெட்டி, கேஸ்கெட் வைத்த கதவு போட்டோம். டக்டின் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டின் விளிம்பு கையைக் கிழித்துவிடும், வெட்டுக் காக்கும் கையுறை இல்லாமல் யாரையும் ஏணியில் ஏறவிடவில்லை.

மருத்துவமனையில் சீலிங்கைத் திறப்பது சாதாரண விஷயமல்ல. மேலே படிந்த தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும். புற்றுநோய் வார்டிலும் ஐசியுவிலும் இருப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமை செவிலியரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, எந்த அறை எந்த இரவில் காலியாகும் என்று அட்டவணை போட்டோம். பிளாஸ்டிக் தடுப்பு, ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம், வேலை முடிந்ததும் துடைப்பு என்று எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. அறுவை அரங்கில் ஏஎச்யூவை (காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் இயந்திரம்) நிறுத்தினால், வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்கும் நேர்மறை அழுத்தம் போய்விடும். மறுபடி ஓட்டிய பிறகு, வெளித் தாழ்வாரத்தைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக இருப்பதை அழுத்தமானியில் பார்த்த பின்தான் அரங்கை ஒப்படைத்தோம். அந்தச் சிஸ்டர் இல்லாவிட்டால் இந்த வேலை பாதியில் நின்றிருக்கும்.

பழைய பகுதியில் இருந்தவை திரை வகை டேம்பர்கள். மடித்த தகடுகளை ஓர் உருகு இணைப்பு பிடித்திருக்கும். சுமார் 72 டிகிரி செல்சியஸில் அது உருகினால் தகடுகள் கடைத்தெரு ஷட்டர் போல விழுந்து மூடும். ஏஎச்யூவை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டும் எச்சரிக்கை அட்டையும் போட்டு, திறந்த நிலையில் படம் எடுத்து, தகடுகளைத் தாங்கிப் பிடித்து இணைப்பைக் கழற்றி, கையை முழுவதும் வெளியே எடுத்த பிறகே விழவிட வேண்டும். ஸ்பிரிங் உள்ளவை விரலைத் துண்டிக்கும் வேகத்தில் வரும். அடிவரை விழுந்ததா, கொக்கி மாட்டியதா என்று பார்க்க வேண்டும். பாதியில் நின்றால் அது தோல்விதான், எண்ணெய் போட்டுத் தட்டிக் கொடுத்து "சரி" என்று எழுதக் கூடாது.

தோல்விகளுக்கான காரணங்களைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. உருகு இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கப்பட்டிருந்தது. கம்பி 72 டிகிரியில் உருகாது. இன்னோர் இடத்தில் டக்டை இணைக்க அடித்த திருகுகளின் முனைகள் தகடு இறங்கும் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தன. மற்றொன்றில் யாரோ கேபிளை டேம்பரின் வாய்க்குள்ளேயே இழுத்திருந்தார்கள். இவை பழுதுகள் அல்ல, மூடவே முடியாதபடி மனிதர்கள் செய்து வைத்தவை.

புதிய பகுதியில் மோட்டார் வைத்த டேம்பர்கள். மின்சாரம் இருக்கும்வரை ஆக்சுவேட்டர் திறந்து பிடிக்கும், மின்சாரம் போனால் ஸ்பிரிங் சுமார் 20 வினாடியில் மூடிவிடும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் திறந்தது, மூடியது என்று நிலை தெரியும். அதனாலேயே திரையில் பார்த்தால் போதும் என்ற கருத்து நிர்வாகத்தில் வலுவாக இருந்தது. சீலிங்கைத் திறக்க வேண்டாம், நோயாளிகளுக்குத் தொந்தரவு இல்லை என்ற அவர்கள் தரப்பில் நியாயமும் இருந்தது.

அந்த விவாதத்தை முடித்து வைத்தது நான்காம் மாடி ரிட்டர்ன் டக்ட். மின்சாரத்தை நிறுத்தினோம். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் வாக்கிடாக்கியில் "மூடிவிட்டது சார்" என்றார். ஆக்சஸ் டோர் வழியே டார்ச் அடித்துக்கொண்டிருந்த டக்ட் மேஸ்திரி கீழே குனிந்து, "தம்பி, இங்கே முழுசாகத் திறந்து கிடக்கிறது" என்றார். ஆக்சுவேட்டர் திரும்பியிருந்தது, டேம்பரின் தண்டு திரும்பவில்லை. இரண்டையும் பிணைக்கும் கிளாம்ப் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. நிலை சொல்லும் சுவிட்ச் ஆக்சுவேட்டருக்குள் இருப்பதால் தன் மோட்டாரின் நிலையைத்தான் அது சொல்லும், தகட்டின் நிலையை அல்ல. தகட்டைக் கண்ணால் பார்த்தால்தான் சோதனை என்ற என் வாதத்தை அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

கண்ணால் பார்த்து முடித்த பிறகு முழுச் சங்கிலியையும் ஓட்டிப் பார்த்தோம். 72 டிகிரியில் செயல்படும் வெப்ப உணரியோ உருகு இணைப்போ மட்டும் மருத்துவமனைக்குப் போதாது. டக்டில் நெடுந்தூரம் பயணம் செய்த புகை ஆறிப்போயிருக்கும், எந்த இணைப்பையும் உருக்காது, ஆனால் மூச்சை அடைக்கும். ஆகவே புகை உணரியில் சோதனை ஸ்பிரே அடித்து, ஃபயர் அலாரம் பேனலுக்குச் சமிக்ஞை வருகிறதா, ஏஎச்யூ நிற்கிறதா, அந்தப் பகுதியின் டேம்பர்கள் மூடுகின்றனவா என்று வரிசையாகப் பார்த்தோம். இந்த வரிசை முக்கியம். காற்று ஓடும்போதே மூடத் தகுதி பெற்ற டேம்பர்களும் உண்டு, காற்று நின்ற பிறகு மட்டுமே மூடத் தகுதி பெற்றவையும் உண்டு. எங்களிடம் இருந்தவை இரண்டாம் வகை. ஓரிடத்தில் பக்கத்து வார்டின் ஏஎச்யூ நின்றது, வயர் மாறியிருந்தது.

சரிசெய்வதில் கடினமானது, சுவருக்குள் இல்லாமல் ஓர் அடி தள்ளி டக்டில் தொங்கிய டேம்பர்கள். தீயில் டக்ட் நெளிந்து விழும்போது அத்தகைய டேம்பரும் கூடவே விழும், சுவரில் ஓட்டை மிஞ்சும். அவற்றைக் கழற்றிச் சுவரின் தடிமனுக்குள் வைத்து, ஆங்கிள் பொருத்தி, சுற்றிலும் தீக்காப்புப் பொருளால் அடைத்தோம். டக்ட் தனியே கழன்று விழும்படியான இணைப்பையே இரு பக்கமும் கொடுத்தோம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது? அமெரிக்காவின் என்எஃப்பிஏ 80 என்ற தீப்பாதுகாப்புத் தரநிலை, நிறுவி ஓராண்டில் ஒருமுறையும், பிறகு நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும், மருத்துவமனைகளில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் என்கிறது. பிரிட்டனின் பிஎஸ் 9999 தரநிலை ஆண்டுதோறும் என்கிறது. கடற்காற்றும் தூசியும் உள்ள சென்னையில் ஆறு ஆண்டு காத்திருக்க எனக்குத் துணிவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை என்று எழுதி நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கினேன்.

இப்போது ஒவ்வொரு டேம்பருக்கும் எண் உண்டு, அதற்கு நேர் கீழே சீலிங் சட்டத்தில் ஸ்டிக்கர் உண்டு. பதிவேட்டில் திறந்த படம், மூடிய படம், சோதித்தவரின் கையெழுத்து மூன்றும் இல்லாவிட்டால் அந்த வரி நிறைவடையாது. லிஃப்ட் ஷாஃப்டுக்குப் பின்னால் இருப்பவற்றை மட்டும் குளிர்நீர்க் குழாயை நகர்த்தாமல் எட்ட முடியவில்லை. அவை சிவப்பு மையில் "சோதிக்கப்படவில்லை" என்று பதிவாகியிருக்கின்றன. குளிர்நீர் தயாரிக்கும் இயந்திரமான சில்லரின் அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் குழாயை நகர்த்த அனுமதி கிடைத்திருக்கிறது.