காறை எலும்பு: சில நாட்கள்

18 நவம்பர் 2024, திங்கள்

இன்று எம்பிபிஎஸ் அனாட்டமி (உடற்கூறு) வகுப்பில் கையில் கொடுத்தது கிளாவிக்கிள், காறை எலும்பு. கருவில் ஐந்தாறு வாரத்திலேயே எலும்பாக மாறத் தொடங்குகிறதாம், உடம்பிலேயே முதலாவதாக. ஆனால் நெஞ்சுப் பக்கத்து முனை ஒட்டி முடிய இருபது வயது தாண்டி இன்னும் சில வருஷம் ஆகும் என்றார் மேடம். வகுப்பு முடிந்த பிறகும் கழுத்துக்குக் கீழே விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். ராத்திரி படுக்கையிலும். என்னுடையது இன்னும் ஒட்டியிருக்காது.

20 நவம்பர்

பிணம் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் வாடை விரலை விட்டுப் போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டேன்.

23 நவம்பர், சனி

கிராமத்துக்குப் போனோம். எனக்குப் பார்த்துக்கொள்ளக் கொடுத்தது மூன்று குடும்பங்கள். மூன்றாவது வீட்டில் அந்த அம்மா மட்டும் இருந்தார்கள். பிபி 178/104. தப்பாக எடுத்துவிட்டேனோ என்று ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தேன். 176/104. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள், டப்பாவில் அப்படியே இருக்கிறது. "தலை வலிச்சா போட்டுக்குவேன் பாப்பா, இப்ப வலிக்கல." தலை வலிக்காவிட்டாலும் தினமும் போட வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள். அப்புறம் என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, அவிழ்ந்திருந்த பின்னலைப் பிரித்துத் திரும்பப் பின்னிவிட்டார்கள். கனகாம்பரம் வைத்தார்கள். வெள்ளைக் கோட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் போட்டோ எடுக்கவில்லை, நல்லவேளை.

சாரிடம் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போகச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார். என் கையெழுத்தில் எழுதியது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

26 நவம்பர்

ரத்த தான முகாம். 18 வயது, 45 கிலோ. என்னிடம் இரண்டுமே இல்லை. ஜூஸ் எடுத்துக் கொடுக்கும் வேலை. என் பேட்ச்சில் எல்லோரும் எனக்கு அக்கா, அண்ணன். படுத்துக்கொண்டு பந்தை அழுத்தி அழுத்திச் சிரித்தார்கள்.

1 டிசம்பர், ஞாயிறு

நேற்று ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. விடிய விடிய மழை. கரண்ட் இல்லை. மயிலத்தில் 50 சென்டிமீட்டர் என்கிறார்கள். அந்த அம்மாவின் வீடு ஏரிக்குக் கீழே, தகரக் கூரை. போன் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போயிருக்கும், அவ்வளவுதான். சீட்டும் நனைந்திருக்கும்.

5 டிசம்பர்

நான்காவது டேபிள் பாட்டியின் முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது. கோலம் மாதிரி புள்ளிகள். இன்று தோலை எடுக்க வேண்டிய இடம் அதுதான். கத்தியை வைத்துவிட்டு மேடத்தைப் பார்த்தேன். என்னவென்று கேட்காமலே இன்னொரு கையைக் காட்டினார். எங்கள் பாட்டிக்கும் அதே மாதிரிப் புள்ளிகள், அதே இடத்தில். உடம்பைக் கொடுத்தவர்களுக்கு முதல் நாள் உறுதிமொழி எடுத்தோம். அன்று வாயால் சொன்னது, இன்றுதான் உள்ளே போனது.

9 டிசம்பர்

வகுப்பு தாண்டி வருவதற்கு முன் நான் இருந்த பழைய கிளாஸ் குரூப்பில் அரையாண்டுத் தேர்வு டைம்டேபிள். கெமிஸ்ட்ரியில் எது முக்கியம் என்று அங்கே என் தோழி கேட்டாள். நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். "தேங்க்ஸ் டாக்டர்" என்று பதில் வந்தது. முன்பெல்லாம் 'லூசு' என்பாள்.

12 டிசம்பர், வியாழன்

குகேஷ் ஜெயித்துவிட்டார்! சிங்கப்பூரில் 14-வது ஆட்டம், டிரா என்றே எல்லோரும் நினைத்தது, டிங் லிரென் யானையை நகர்த்தியதில் திரும்பிவிட்டது. 18 வயதில் உலக செஸ் சாம்பியன். ஹாஸ்டலே கத்தியது. குகேஷ் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்புறம், கண்ணைத் துடைத்துக்கொண்டே காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கினார். அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு அப்பா போன். "பாத்தியா? பதினெட்டு!" பின்னாலேயே பேச்சில் பாலமுரளி அம்பாட்டி வருவார் என்று தெரியும். வந்தார். வேலூரில் பிறந்தவர், 1995-இல் நியூயார்க்கில் 17 வயதில் டாக்டர் ஆனவர். அப்பா காலேஜ் படிக்கும்போது கத்தரித்த பேப்பர் துண்டு, லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வாய்ப்பாடு ஒப்பித்தேன். இங்கே டிசம்பர் 31-க்குள் 17 நிரம்பாதவர்களுக்கு எம்பிபிஎஸ்ஸில் இடம் கிடையாது. எனக்கு ஒரு வருஷம் போனது. அந்த வருஷத்தை அநியாயம் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த வருஷம் அதுதான் அப்பா. சைக்கிளில் கால்வாய்க்கரை வரை போனேன். பாட்டிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். பதினோரு மணி வரை தூங்கினேன். இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. சரி, இங்கேயாவது இருக்கட்டும்.

13 டிசம்பர்

கார்த்திகை தீபம். ஜன்னலில் ஆறு அகல். அண்ணாமலை இங்கிருந்து தெரியாது.

17 டிசம்பர்

அனாட்டமி இன்டர்னல் 100-க்கு 58. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

21 டிசம்பர், சனி

அந்த அம்மாவின் வீடு பூட்டியிருக்கிறது. மழைக்கு அடுத்த வாரம் மகள் வந்து அழைத்துப் போனாளாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ஒரு கை மரத்துப்போச்சுன்னு சொல்லிட்டிருந்தா" என்றார்கள். எந்தக் கை? தெரியவில்லை. பேச்சு சரியாக வந்ததா? வாய் கோணியதா? நான் கேட்கக் கேட்க அவர்கள் பயந்துவிட்டார்கள், நிறுத்திக்கொண்டேன். மகள் இருக்கும் ஊர் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பியதும் பெண்கள் மெடிக்கல் வார்டில் தேடினேன். நர்ஸ் அக்கா நோட்டுப் புத்தகத்தை டிசம்பர் 2-லிருந்து புரட்டிக் காட்டினார். அந்தப் பெயரில் மூன்று பேர். மூவரும் வேறு ஆட்கள். லாக் புக்கில் 'மூன்றாம் குடும்பம்: வீடு பூட்டியிருந்தது' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஒன்றரைக் கிலோமீட்டர்தான். நான் பின்னலுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

24 டிசம்பர்

தூங்கவில்லை. காறை எலும்பு இடது பக்கம் கொஞ்சம் மேடாக இருக்கிற மாதிரி இருக்கிறது.

28 டிசம்பர், சனி

இன்று எனக்கு 17 நிரம்பியது. அம்மா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பாவாடை தாவணி, ஒரு டப்பா அதிரசம். 58-ஐ அம்மாவிடம் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்றாள். மடியில் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது நாலு மணி, போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால்.

29 டிசம்பர்

அந்த எண்ணுக்குக் காலையிலிருந்து ஏழு முறை. ரூம் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு இழுத்துப் போனாள். தயிர் சாதம். கையால் சாப்பிட்டேன்.