மூன்று சிமுலேட்டர், ஒரே ஸ்கிரிப்ட்: பாயான் லெப்பாஸில் பட்ட பாடு

எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ், ஸ்பெக்டர் என்ற மூன்று மின்சுற்று சிமுலேட்டர்களின் முடிவுகளையும் ஒரே பைத்தான் ஸ்கிரிப்ட்டில் படித்து ஒரே அட்டவணையில் போட வேண்டும். பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் அனலாக் குழுவுக்கு வந்த வேலை இது. வாடிக்கையாளர் தம் எல்டிஓ ரெகுலேட்டரை (வெளியீட்டு வோல்டேஜை நிலையாக வைக்கும் சுற்று) எல்டிஸ்பைஸில் ஓட்டி ஃபைல் அனுப்பினார். நாங்கள் ஓட்டுவது ஸ்பெக்டரில். வெளியே கொடுத்த மாடலிங் வேலை என்ஜிஸ்பைஸில் வந்தது. ஆன் செய்ததும் வெளியீட்டு வோல்டேஜ் எவ்வளவு எகிறுகிறது, அந்த ஓவர்ஷூட் மூன்றிலும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. வேலை முடிந்துவிட்டது, ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்து இதில் இறங்குபவருக்காவது உதவட்டும்.

முதல் தொல்லை ஸ்பெக்டர் பக்கம். முடிவுகளை ஓஷன் என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எடுப்பதுதான் இங்கே வழக்கம். எங்கள் அமைப்பில் அதற்கே ஒரு லைசென்ஸ் போய்விடும். வேலை நாளில் காலியாக ஒன்றுகூடக் கிடைக்காது. சனிக்கிழமை வந்தால் கிடைக்கும் என்று லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் கேட்டு, உறுதி வாங்கிக்கொண்டுதான் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வந்தேன். சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். போன் செய்தால், “மெயில் போட்டோமே, பார்க்கலையா?” என்றார் பணியில் இருந்தவர். அந்த மெயில் எங்கள் குழுவுக்கு வரவே இல்லை. ஒரு வார இறுதி வீண்.

திங்கட்கிழமை எங்கள் குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் ஒரே வரியில் முடித்து வைத்தார். “தம்பி, படிக்கிறதுக்கு எதுக்கு லைசென்ஸ்? ஓட்டும்போதே டெக்ஸ்ட்டா எழுதச் சொல்லிடு.” ஸ்பெக்டரை ஓட்டும்போது ஃபார்மட் ஆப்ஷனில் பிஎஸ்எஃப்ஆஸ்கி என்று கொடுத்தால் முடிவு எழுத்து வடிவில் வந்துவிடும். பைத்தானில் பிஎஸ்எஃப்_யூட்டில்ஸ் என்ற லைப்ரரி அதை நேராகப் படிக்கும், லைசென்ஸ் தேவையில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: டெக்ஸ்ட் ஃபைல் பெரிதாக ஊதிவிடும். எல்லா நோடையும் (சுற்றின் இணைப்புப் புள்ளிகள்) சேமிக்காமல், வேண்டியதை மட்டும் சேவ் வரியில் குறிப்பிடுங்கள்.

என்ஜிஸ்பைஸின் ரா ஃபைல், அதாவது முடிவுகளைச் சேமிக்கும் ஃபைல், ஒரு தொல்லையும் தரவில்லை.

எல்டிஸ்பைஸ் ரா ஃபைல் வெளியிலிருந்து பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், உள்ளே வேறு. 17ஆம் பதிப்பிலிருந்து தலைப்புப் பகுதி யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதப்படுகிறது. ஹெக்ஸில் திறந்தால் ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு பூஜ்ஜிய பைட் நிற்கும். அதைத் தாண்டினால் எண்கள். டிரான்சியன்ட் முடிவில், அதாவது நேரத்தோடு மாறும் அலைவடிவத்தில், நேரத்துக்கு 8 பைட், மற்ற ஒவ்வொரு சிக்னலுக்கும் 4 பைட். என்ஜிஸ்பைஸில் எல்லாமே 8 பைட். நேரத்தோடு சேர்த்து 10 மாறிகள் இருந்தால் ஒரு வரிசை எல்டிஸ்பைஸில் 44 பைட், என்ஜிஸ்பைஸில் 80. ஒன்றுக்கு எழுதிய கோட் மற்றதைத் தப்புத் தப்பாகப் படித்து, பார்க்க நம்பும்படியான எண்களைக்கூடத் தரலாம். நேர மதிப்பு சில இடங்களில் மைனஸ் குறியோடு வருவதும் உண்டு. குறியை நீக்கிவிட்டுப் படிக்க வேண்டும். சொந்தமாக எழுத அவசியம் இல்லாதவர்கள் ஸ்பைஸ்லிப் என்ற பைத்தான் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள், இதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

படித்தாகிவிட்டது, ஆனால் எல்டிஸ்பைஸ் ஓவர்ஷூட் மட்டும் மற்ற இரண்டோடு சேரவில்லை. எல்டிஸ்பைஸ் தானாகவே அலைவடிவத்தைச் சுருக்கிச் சேமிக்கும், நடுவில் உள்ள புள்ளிகள் போய்விடும். பிளாட்வின்சைஸ் என்ற ஆப்ஷனின் இயல்பு மதிப்பு 300. அதை 0 ஆக்கினால் சுருக்கம் நிற்கும். வாடிக்கையாளரிடம் கெஞ்சி மறுபடி ஓட்ட வைத்ததும் உச்சி ஒத்துப்போனது. உச்சியை எப்போதும் மூலப் புள்ளிகளிலேயே கண்டுபிடியுங்கள். மூன்று கருவிகளும் நேர இடைவெளியைத் தம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வதால், வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட இன்டர்போலேஷன் (இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்புவது) வேண்டும். அந்த எண்களில் உச்சியைத் தேடினால் அது வெட்டுப்பட்டிருக்கலாம்.

அடுத்து, காணாமல் போன ஃபைல். லோடு ரெசிஸ்டரை மாற்றி மாற்றி ஸ்டெப் கட்டளையில் ஓட்டியிருந்தார்கள். எல்டிஸ்பைஸ் எல்லா ஓட்டத்தையும் ஒரே ரா ஃபைலில் அடுக்கிவிடும். நேரம் மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும் இடத்தில் வெட்டிப் பிரிக்கலாம். ஆனால் எந்த ஓட்டத்துக்கு எந்த மதிப்பு என்பது லாக் ஃபைலில்தான் இருக்கும், அது எனக்கு வரவில்லை. கேட்டதற்கு வந்த பதில், “எங்கள் வேவ்ஃபார்ம் வியூவரில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.” மறுபடி கேட்டேன், அதே பதில் வந்தது. அப்புறம்தான் தோன்றியது: லோடு ரெசிஸ்டரின் கரன்ட் ரா ஃபைலிலேயே இருக்கிறதே! வெளியீட்டு வோல்டேஜை அந்தக் கரன்ட்டால் வகுத்தேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் அலுங்காமல் ஒரே எண், அதுதான் ரெசிஸ்டர் மதிப்பு. ரெசிஸ்டரை எந்தப் பக்கம் திருப்பி வரைந்தார்களோ அதைப் பொறுத்துக் குறி மாறும், அதை மட்டும் கவனியுங்கள். அன்று மதியம் நாசி கண்டார் அவ்வளவு ருசியாக இருந்தது.

சிக்னல் பெயர்களுக்குத் தனியாக ஒரு மாற்று அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். என்ஜிஸ்பைஸ் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடும்; ஸ்பெக்டர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே பார்க்கும். சப்சர்க்யூட்டுக்குள் (சுற்றுக்குள் வைக்கும் சிறு சுற்று) இருக்கும் நோடுக்கு எல்டிஸ்பைஸில் கோலன், மற்ற இரண்டில் புள்ளி. இதை பைத்தான் கோடுக்குள் இஃப் எல்ஸ் போட்டுச் சமாளிக்கப் பார்த்தால், நான்காவது கருவி வந்ததும் எல்லாம் குலையும்.

வாடிக்கையாளரிடம் ஃபைல் கேட்கும்போது முதல் மெயிலிலேயே ரா ஃபைல், லாக் ஃபைல், நெட்லிஸ்ட் (சுற்றின் எழுத்து வடிவ விவரம்) மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிளாட்வின்சைஸ் 0 வைத்து ஓட்டச் சொல்லிவிடுங்கள்.